நானும் கட்சிக்காரன்தான்

எங்கள் ஊர் வக்கீல் எம்.எல்.ஏ. ஆனபோது வெடி வாங்கக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். என் வரப்புத் தகராறு வழக்கு அவரிடம்தான் இருந்தது. இனி எதிராளிக்குத் தூக்கம் வராது என்று கணக்குப் போட்டேன். எதிராளியும் வெடிக்குக் காசு கொடுத்திருந்தான். அவன் அவருக்கு ஓட்டுப் போட்டவனாம்.

எம்.எல்.ஏ.வாக இருப்பவர் கறுப்புக் கோட்டும் போடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எம்.எல்.ஏ. சம்பளம் வாங்கினாலும் அரசாங்கத்தின் முழுநேர ஊழியர் அல்ல, தாராளமாக வாதாடலாம் என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அப்படியானால் அவருக்கு முதலாளிதான் யார்? மேடையில் கேட்டால் நம்மைக் கைகாட்டுவார்.

அவர் வீட்டு முன்னறையில் இரண்டு வரிசை நிற்கும். குமாஸ்தா என்னைப் பார்த்து, "நீங்க கட்சிக்காரரா?" என்றார். ஆமாம் என்றேன். டீ வந்தது, வடை வந்தது, தோளில் ஒரு துண்டும் விழுந்தது. பொதுக்கூட்டத்துக்குப் போகும் வேனில் ஏற்றப் பார்த்தபோதுதான் வழக்கு நம்பரைச் சொன்னேன். துண்டை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கே டீ கிடையாது.

அனுமதி வாங்காமல் 60 நாள் சபைக்கு வராவிட்டால்தான் எம்.எல்.ஏ. பதவிக்கு ஆபத்து. சபையைத் தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் ஒத்திவைத்தால் அந்த நாட்கள் கணக்கிலேயே வராது. சபை கூடுகிற அழகுக்கு அந்த அறுபதை எட்டுவதே பெரிய சாதனை. கோர்ட்டிலோ, பெயர் கூப்பிடும்போது ஆளில்லை என்றால் அன்றைக்கே வழக்கு தள்ளுபடி ஆகலாம். அதனால் ஜூனியர் எழுந்து, "சீனியர் சட்டசபையில இருக்காருங்கய்யா" என்பார். வாய்தா. ஒருமுறை நேரிலேயே பிடித்துவிடலாம் என்று சென்னைக்குப் போனேன். கோட்டையில் கேட்டால் ஹைகோர்ட் என்றார்கள், ஹைகோர்ட்டில் கேட்டால் கோட்டை என்றார்கள். இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்துக்குள் ஒரு முழு எம்.எல்.ஏ. காணாமல் போயிருந்தார்.

எங்கள் ஏரி ஆக்கிரமிப்பைச் சபையில் பேசச் சொல்லி ஊரே மனுக் கொடுத்தது. கோர்ட்டில் நிலுவையில் இருப்பதைச் சபையில் பேச விதி இடம் கொடுக்காது என்றார். கோர்ட்டிலோ, விஷயம் அரசின் பரிசீலனையில் இருப்பதால் அவகாசம் வேண்டும் என்றார். வழக்குப் போட்டவரும் அவரே.

"ஆப்ரகாம் லிங்கன்கூட வக்கீல் எம்.எல்.ஏ.தான் சார்" என்று குமாஸ்தா தேற்றினார். பொய்யில்லை. லிங்கன் 1834இல் இல்லினாய் சட்டசபைக்கு ஜெயித்து, 1836இல் வக்கீல் தொழிலுக்கு உரிமம் வாங்கியவர். முக்கியமான காகிதங்களைத் தொப்பிக்குள் செருகி வைத்துக்கொள்வாராம். 1840இல் சபையில் கோரம் சேராமல் தடுக்க ஜன்னல் வழியாகக் குதித்தார். அதற்குள் வருகை பதிவாகிவிட்டதால் குதித்தது வீண். எங்களவர் வெளிநடப்பைக் கதவு வழியாகவே செய்வார். தொப்பி கிடையாது. என் வழக்குக் கட்டு கார் டிக்கியில் கொடிகளுக்கு அடியில் கிடைத்தது.

இப்போது எதிராளியின் வக்கீலும் வரும் தேர்தலுக்குச் சீட் கேட்டிருக்கிறாராம். கோர்ட் வாசல் டீக்கடையில் எதிராளியே சொன்னான்.

"கிடைச்சா நமக்கு நல்லதுதானேண்ணே?" என்றான்.

இந்த வழக்கு தொடங்கியதிலிருந்து அவன் என்னை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. டீக்கு நானே காசு கொடுத்தேன்.