கொழுந்து நிறுத்தவன் சத்தம் நிறுக்கிறேன்

வாடா பேராண்டி, இஸ்தோப்புல உக்காரு. தேத்தண்ணி ஆறுது, குடி.

திருவிழா முடிஞ்சு மூணு நாளாச்சு. இன்னும் "மேல்கணக்கு ஸ்பீக்கர் செட்டுதான் சத்தம்"னு சண்டை புடிக்கிறியாமே? போன்ல வேற அளந்தியாம். நம்ம மேல்கணக்கு டிவிசனோடது 118 டெசிபல், கீழ்க்கணக்கு டிவிசனோடது 101. அடேங்கப்பா! சரி, நம்ம பெட்டிக்கு எத்தனை அடி தள்ளி நின்ன? மூஞ்சியை ஒட்டியா? கீழ்க்கணக்கை எங்க நின்னு அளந்த? பைப்படியிலயா? அப்ப நீ அளந்தது ஸ்பீக்கரை இல்லடா, நீ நடந்த தூரத்தை.

வெட்டவெளியில தூரம் இரட்டிச்சா 6 டெசிபல் போயிரும். 1 மீட்டர்ல 100னா, 2 மீட்டர்ல 94, 4 மீட்டர்ல 88. லயத்துல அந்தக் கணக்கும் ஒழுங்கா நிக்காது. தகரத்துல பட்டது, எதிர்மலையில பட்டது, எல்லாம் திரும்பி வந்து மைக்குல ஏறும்.

நான் கொழுந்து நிறுவைக்கு நின்னே தேஞ்சவன். ஒங்க பாட்டி கூடை நெறைய ஆஞ்சுட்டு வருவா. சாக்குக்கு இம்புட்டு, தண்ணிக்கு இம்புட்டுன்னு கழிப்பாங்க. கழிச்சதுல பாதி அநியாயம், அது வேற கதை. ஆனா சாக்கு எடை கொழுந்து எடை இல்லையே! சத்தத்துக்கும் சாக்கு உண்டு. பாட்டை நிப்பாட்டிட்டு, ஸ்டோரு மிசினு, ஆத்து இரைச்சல், அட்டன் பஸ்ஸு எல்லாத்தையும் மொதல்ல அள. பாட்டு அதுக்கு மேல 10 டெசிபல் நின்னா கவலையில்ல. இல்லாட்டி கழிக்கணும்.

தராசுக்குப் படிக்கல்லு மாதிரி சத்த மீட்டருக்கும் ஒண்ணு இருக்கு. சின்ன உருளை. மைக்கு வாயில மாட்டுனா சரியா 94 டெசிபல் ஊதும். மீட்டரும் 94 காட்டணும். ஒன் போனுக்கு எவன்டா முத்திரை குத்துனான்?

அப்புறம் நம்ம செட்டுல ஒட்டியிருக்கிற அந்த ஸ்டிக்கரு. 5000 வாட்! எவன் எண்ணிப் பாத்தான்? வாட்டை இரட்டிச்சாலே 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்காக் கேக்கணும்னா பத்து மடங்கு வாட் வேணும். வீட்டுப் பெட்டிக்கு 1 வாட் குடுத்தா 1 மீட்டர்ல 88 கிட்ட வரும். கோயில் மரத்துல கட்டுற பழைய புனல் ஸ்பீக்கருக்கு அதே 1 வாட் குடு, 105க்கு மேல கத்தும். நீ பாத்துச் சிரிச்சியே, அந்தத் துருப்புடிச்ச புனல்தான்.

எது நல்ல செட்டுன்னு பாக்கணுமா? ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டாந்துட்டுக் கேளு. ஒரு டெசிபல் தூக்கி வச்சாலே, தூக்கி வச்சதுதான் இனிமையா இருக்கும். செட்டு விக்கிற கடைக்காரனுக்கு அது தெரியும். ஒனக்குத்தான் தெரியல.

நாளைக்கு சாயங்காலம் மைதானத்துக்கு வா. ஒரே போனு, ஒரே பாட்டு, ரெண்டு செட்டும் ஒரே எடத்துல. கயிறு நான் தாரேன், 4 மீட்டர் அளந்து முடிச்சு போட்டு வச்சிருக்கேன். கீழ்க்கணக்குப் பயலையும் கூட்டிட்டு வா, இல்லாட்டி அளந்ததை அவன் நம்பமாட்டான். ராவு 10க்கு முன்னால முடிச்சிரணும். 10லருந்து காலையில 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2007லயே உயர் நீதிமன்றம் சொல்லியாச்சு.