காதைப் பார், காட்டைப் பார்!

கேள்வி: 2024-இல் புதுக் காட்டுப்பூனை இனம் ஒன்றை அறிவித்தார்களே, இவ்வளவு காலம் அது எங்கே ஒளிந்திருந்தது?

ஒளியவே இல்லை, அருங்காட்சியக இழுப்பறையில் தோலாகக் கிடந்தது! 1867-லேயே ஜான் எட்வர்டு கிரே அதற்குப் 'பார்டினாய்டஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் ஊரை 'இந்தியா' என்று குறித்தார். அது கொலம்பியாப் பூனை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதன் பிறகு அதையும் சேர்த்து, மத்திய, தென் அமெரிக்காவின் புலிப்பூனைகள் எனப்படும் புள்ளிப் பூனைகள் எல்லாவற்றையும் ஒரே ரேஷன் கார்டில் எழுதிவிட்டார்கள்.

கேள்வி: எல்லாம் புள்ளிப் பூனைதானே, எப்படிப் பிரித்தார்கள்?

பிரேசிலின் டடேயு டி ஒலிவேரா குழு, அருங்காட்சியகங்களிலும் புகைப்படங்களிலும் இருந்த 1,400-க்கும் மேற்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. ஆண்டிஸ் மலையின் புலிப்பூனைக்கு, அதாவது இந்தப் புது இனத்துக்கு, காது சின்னது, வட்டமானது, வால் நீளம். வடகிழக்கு பிரேசிலின் வறண்ட புதர்க்காட்டுப் பூனைக்குக் காது பெரிது, உடம்பு ஒல்லி. தெற்கே அட்லாண்டிக் காட்டில் இருப்பது கட்டுடல்காரர்.

தோற்றம் பாதிச் சாட்சிதான். வெப்பம், மழை, உயரம் எல்லாவற்றையும் கணினியில் கொடுத்து, எந்தப் பூனைக்கு எந்த நிலம் ஒத்துவரும் என்று வரைபடம் போட்டார்கள். ஒன்றுக்கு மேகம் தவழும் மலைக்காடு, இன்னொன்றுக்கு வெயில் காயும் புதர்நிலம். உடம்பும் நிலமும் ஒரே கதையைச் சொன்னதால்தான் இவை மூன்றும் தனித்தனி இனம் என்ற தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை.

கேள்வி: பூனை கன்னங்கரேலென்று பிறந்தால் புள்ளியை எப்படிப் பார்ப்பது?

காதைப் பாருங்கள், வாலைப் பாருங்கள், எந்தக் காட்டில் படம் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: டி.என்.ஏ. போதாதா?

உதவும். 2013-இல் அட்லாண்டிக் காட்டுப் பூனையைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியதே அதுதான். வடகிழக்குப் பூனையோடு அதற்கு மரபணுக் கலப்பு இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதே அட்லாண்டிக் பூனை தென் பிரேசிலில் ஜெஃப்ராய் பூனை என்ற வேறோர் இனத்தோடு காதல் மணம் புரிந்து குட்டியும் போடுகிறது! அதனால் இரத்தத்தை மட்டும் கேட்டு முடிவு கட்டக்கூடாது.

கேள்வி: பெயரைப் பிரிப்பதால் பூனைக்கு என்ன லாபம்?

உயிரே லாபம். ஒரே இனம் என்று எழுதினால் கோஸ்டா ரிக்கா முதல் பிரேசிலின் தென்கோடி வரை நிறைய இருப்பதாகத் தோன்றும். பிரித்தால்தான் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். காடு மேய்ச்சல் நிலமாகிறது, பண்ணை நாய்கள் நோயைக் கொண்டுவருகின்றன. அந்த நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதுதான் இப்போதைக்குக் கைக்கெட்டும் முதல் வேலை.