டவர் கிடைக்கும் இடம்: அலைபேசி நிறுவனத் தேர்வியல் குறித்து ஓர் ஆய்வு

அலைபேசி நிறுவனத் தேர்வியல் என்பது, ஒரு குடும்பம் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் அதன் வீட்டுக்குள் பேச்சு பாதியில் அறாது என்பதைக் கண்டறியும் துறை. கட்டணம், தினசரி டேட்டா, ரீசார்ஜோடு இனாமாக வரும் சினிமாச் செயலிகள் ஆகியவை இத்துறையின் எல்லைக்குள் வாரா. அவை பொருளாதாரத்தைச் சேர்ந்தவை. கூப்பிட்டால் மணி அடிக்குமா, அடித்தால் எதிர்முனையில் பேசுவது காதில் விழுமா என்ற இரண்டு கேள்விகளோடு இத்துறை நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் விடை காண்பது அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் மொட்டைமாடிகளில் இத்தனை பேர் நடந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

துறையின் வரலாறு குறுகியது. இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் போனது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேசினார். மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். இருவரும் எந்த அறையில், எந்தச் சன்னலோரம் நின்று பேசினார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் எழுதிவைக்காமல் விட்டது பேரிழப்பே. அடுத்த சில ஆண்டுகளில் தேர்வியலுக்கு வேலையே இருக்கவில்லை. வருகிற அழைப்புக்கும் காசு கட்டிய காலம் அது. டவர் கிடைக்காமல் போவதைச் சிக்கனத்தின் ஒரு வகையாக அன்று கருதியவர்கள் உண்டு. 2003-இல் வரும் அழைப்புகள் இலவசமான பிறகுதான் வீட்டுக்குள் மணி அடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. எதிர்பார்ப்பின் பின்னாலேயே துறையும் பிறந்தது.

தமிழ்நாட்டில் துறையை உலுக்கிய சம்பவம் 2018 பிப்ரவரியில் நடந்தது. 1999-இல் இங்கேயே தொடங்கி ஊர் ஊராகப் பரவியிருந்த ஏர்செல் அந்த மாதம் திடீரென்று மௌனமாகி, மாத முடிவில் திவால் மனுவும் போட்டது. 9842 என்று தொடங்கும் எண்ணைக் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடித்திருந்தவர்கள், வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியெண் கிடைக்காமல் அலுவலக வாசல்களில் திரண்டார்கள். ‘எங்கள் ஊரில் இதுதான் எடுக்கும்’ என்ற வாக்கியத்துக்கு நிரந்தர மதிப்பு இல்லை என்பதை ஆய்வுலகம் அப்போதுதான் ஏற்றுக்கொண்டது.

இத்துறையின் அடிப்படை அலகு மாவட்டமும் அன்று, ஊரும் அன்று, தெருவும் அன்று. ‘டவர் கிடைக்கும் இடம்’ எனப்படும், ஒருவர் நிற்பதற்குப் போதுமான தரைப்பரப்பே அலகு. நிலத்தை ஐந்தாகப் பகுத்த பழைய மரபு இங்கே அதிகம் உதவாது. குறிஞ்சியில் மலை மறைக்கும், நெய்தலில் கடல்மேல் அலை தடையின்றிப் போகும் என்பது வரை சரி. தனுஷ்கோடிக்குப் போன சுற்றுலாப் பயணிகளை இலங்கை நிறுவனங்கள் குறுஞ்செய்தி அனுப்பி வரவேற்பதும் அதனால்தான். ஆனால் மருத நிலத்து வீடு ஒன்றில் கொல்லைக் கிணற்றடியில் தெளிவாகக் கேட்பது பத்தடி தள்ளி அடுக்களையில் ஏன் கேட்பதில்லை என்பதற்குத் திணைக் கோட்பாட்டில் விடை இல்லை. ஆகவே திண்ணை, கூடம், அடுக்களை, மாடிப்படி வளைவு, மொட்டைமாடி என்று நிலத்தை வீட்டுக்குள்ளேயே பகுத்துக்கொள்வதே முறை. இவற்றுள் மொட்டைமாடியில் எல்லா நிறுவனங்களும் எடுக்கும். ஆகவே அங்கே நின்று எந்த முடிவுக்கும் வரக் கூடாது. விற்பனைப் பையன்கள் சோதித்துக் காட்ட அழைத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

சுவரின் பங்கு பெரிது. நாட்டு ஓடு வேய்ந்த மண்சுவர் வீட்டில் அலைபேசி அலை அதிக எதிர்ப்பில்லாமல் உள்ளே வந்துவிடும். அதை இடித்துவிட்டுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட பிறகு, வீடு வசதியாகிறது. வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து பேசத் தொடங்குகிறார். தகரக் கூரையும், வெயிலுக்காக உலோகப் பூச்சு ஏற்றிய கண்ணாடிச் சன்னலும் இன்னும் மோசம். இரும்பு பீரோவை ஒட்டிப் போட்ட கட்டிலில் படுத்துப் பேசுகிறவர் யாரையும் குறைசொல்ல உரிமையற்றவர். அலைவரிசையும் இதில் சேரும். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த அலைகள் தொலைவு போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள் அதிகத் தகவலைச் சுமந்துவந்து, முதல் கான்கிரீட் சுவரிலேயே பெரும்பகுதி சோர்ந்துவிடும். விளம்பரத்தில் வேகமாகத் தெரியும் நிறுவனம் அடுக்களைக்குள் காணாமல் போவது இதனால்தான். ஒரு நிறுவனம் ஊரில் எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்ற தகவல், அதன் தூதராக நடிக்கும் நடிகர் யார் என்பதைவிடப் பயனுள்ளது. ஆனால் கடையில் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

இனி, ‘அசையாதே’ கொள்கை. மாடிப்படி வளைவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, “அத்தே, இப்ப கேக்குதா?” என்று ஒருவர் கத்துவதும், “கேக்குது மாப்ளே, அப்படியே நில்லுங்க, அசையாதீங்க” என்று மறுமுனை கெஞ்சுவதும் நாடறிந்த காட்சி. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதுண்டு. தவறு. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் வருவதில்லை. எதிர்வீட்டுச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. நேரே வந்ததும் சுற்றி வந்ததும் ஓரிடத்தில் சேர்ந்தால் வலுக்கும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். வலுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு தோராயமாக அதில் பாதி. அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. நல்ல புள்ளியிலிருந்து நாலு விரற்கடை நகர்ந்தால் குழியில் விழலாம். புதிய கைபேசிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்கள் இருப்பதால் இந்தக் குழிகள் ஓரளவு தூர்ந்துவிட்டன. ஆயினும் விளிம்பில் வாழும் குடும்பங்களுக்கு அத்தையின் கட்டளை இன்றும் இயற்பியலே. கைபேசியைச் சன்னல் கம்பியில் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுத் தூரத்திலிருந்து பேசும் வீடுகள், சோதனைச் சாலைக்குரிய ஒழுங்கை யாரும் சொல்லித்தராமலே எட்டிவிட்டன.

அளவுக்கருவிகளில் முதலில் வருவது திரையின் மூலையில் தெரியும் பாயிண்ட். “நாலு பாயிண்ட் காட்டுது, ஆனா பேச முடியல” என்ற புகார் மிகப் பழையது. அதற்கு விடையும் உண்டு. எத்தனை வலுவுக்கு எத்தனை பாயிண்ட் என்பதைக் கைபேசி செய்கிறவரே தீர்மானிக்கிறார், பொது அளவுகோல் கிடையாது. 2010-இல் ஆப்பிள் நிறுவனமே, ஐபோனில் பாயிண்டைக் கணக்கிடும் சூத்திரம் முற்றிலும் தவறாக இருந்து உண்மையைவிட அதிகமாகக் காட்டிவந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆய்வாளர் பாயிண்டை நம்பாமல் ‘டிபிஎம்’ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். ஆன்ட்ராய்டு கைபேசிகளின் அமைப்புகளில், சிம் நிலை என்ற பகுதியில் அது ஒளிந்திருக்கும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால் கணக்கில் பயம் உள்ளவர்கள் திரும்பிவிடுகிறார்கள். 4ஜியில் மைனஸ் 80 என்றால் சௌகரியம். மைனஸ் 110 என்றால் வாசலுக்கு நடக்க வேண்டிவரும். இரண்டுக்கும் இடையே முப்பதுதானே வித்தியாசம் என்று எண்ணலாகாது. பத்துக்கொரு முறை வலு பத்தில் ஒன்றாகக் குறைவதால், முப்பது என்பது ஆயிரத்தில் ஒன்று. இந்த எண்ணும் வலுவைத்தான் சொல்லும், கூட்டத்தைச் சொல்லாது. ஒரே கோபுரத்தை ஊரே பங்கிட்டுக்கொள்ளும் இரவு ஒன்பது மணிக்கு, பாயிண்ட் முழுதாக இருக்கும். படம் சுற்றிக்கொண்டே இருக்கும். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று ஐந்து பாயிண்டோடு நின்றபடி காணாமல்போன உறவினரை அழைக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பொழுதையும் ஆராய வேண்டும். காலை பதினொரு மணிக்குச் செய்த சோதனை காலை பதினொரு மணிக்கே செல்லும். மின்சாரம் போன பிறகு கோபுரம் பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் ஓடும். அவை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கோபுரத்துக்குக் கோபுரம் வேறுபடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளே சோதனைக்கு உகந்த நாள். சாலையோரம் ஜேசிபி இயந்திரம் பள்ளம் தோண்டும் நாளும் அப்படியே. கோபுரம் நின்றுகொண்டிருக்கும், பாயிண்டும் தெரியும். அடியில் போகும் கண்ணாடி இழை அறுந்திருந்தால் பேச்சு மட்டும் ஊரைத் தாண்டாது.

கோபுரம் அருகில் இருந்தால் போதும் என்பது பரவலான கருத்து. இதற்கு இரு தடைகள் உள்ளன. ஒன்று, கோபுரத்தின் உரிமையாளரும் அலைபேசி நிறுவனமும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதுண்டு. இண்டஸ் போன்ற கோபுர நிறுவனங்கள் கட்டிக் கொடுத்ததில் சில நிறுவனங்கள் குடியேறியிருக்கும், சில இரா. வெளியிலிருந்து பார்த்தால் யார் குடித்தனம் என்று தெரியாது. இரண்டு, ஆன்டெனாக்கள் அலையைச் சுற்றுவட்டாரத்தை நோக்கியே வீசுகின்றன; நேர் கீழே சிந்துவது குறைவு. மாடியைக் கோபுரத்துக்கு வாடகைக்கு விட்டவர் தன் வீட்டுக் கூடத்தில் டவர் இல்லாமல் தவிப்பது விளக்கடி இருட்டின் அலைபேசி வடிவம். வாடகை தவறாமல் வருவதால் அவர் வெளியே சொல்வதில்லை.

அடுத்து, சான்றுகள். நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பின் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி செய்தது. வரைபடங்கள் அழகானவை, தெருவைச் சொல்லும், கட்டிலைச் சொல்லா. மனிதச் சாட்சிகளில், பேருந்து நிலையத்தில் குடை விரித்து சிம் விற்கும் பையனின் வாக்குமூலம் ஏற்கத்தக்கதன்று. அவன் எந்த டீஷர்ட் போட்டிருக்கிறானோ அதுவே எடுக்கும் என்பான். கல்லூரி மாணவர் டேட்டாவைப் பற்றி மட்டுமே பேசுவார். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் தன் நிறுவனத்தைப் பரிந்துரைப்பான். சென்னையில் அது நன்றாக எடுக்கிறது. மிக நம்பகமானவர் உணவும் பார்சலும் கொண்டுவரும் இளைஞர். வாசலில் நின்று ஓடிபி கேட்டு வாங்க வேண்டியவர் அவர். தெருவில் எந்த வீட்டு வாசலில் எந்த சிம் சாகும் என்பது அவருக்கு மனப்பாடம். அடுத்த இடம் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. ஒரே சுவர், ஒரே கூரை மட்டம், வெளிநாட்டில் மகள். அவர் எந்த சிம்மில் எங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்று பார்த்தாலே பாதி ஆய்வு முடிந்தது.

மீதிப் பாதி நேரடிச் சோதனை. இரட்டை சிம் கைபேசியில் பழைய சிம்மை எடுக்காமல், இரண்டாவது துளையில் புதிய நிறுவனத்தின் மலிவான சிம்மைப் போட்டு ஒரு முழு மாதம் வைத்திருப்பதே மரபு. சோதனை நடக்க வேண்டிய இடம், நிமிர்ந்து நிற்க முடிகிற நல்ல இடம் அன்று; வீட்டில் அதிகம் அழைப்பு வருகிறவர் வழக்கமாக இருக்கும் இடம். பெரும்பாலான வீடுகளில் அது அடுக்களை. ஆனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் கூடத்து நாற்காலியில் இருப்பவர். துறையின் தீராத பிழைகளுக்கெல்லாம் மூலம் இந்த ஒரு தூரமே. ஜியோ போன்று 2ஜியே இல்லாத வலையமைப்பில் பேசுவதற்குக் கைபேசியில் வோல்ட்இ வசதி இருக்க வேண்டும் என்பதையும் சோதனைக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். தாத்தாவின் பொத்தான் போனில் அது இல்லாவிட்டால் பழி கோபுரத்தின்மீது விழும். எந்த நிறுவனமும் உள்ளே எடுக்காத வீட்டில், பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பைப் பேசலாம். தூய்மைவாதிகள் இதைத் தேர்வியலில் சேர்ப்பதில்லை. அவர்கள் இன்னும் மொட்டைமாடியில் இருக்கிறார்கள்.

முடிவு எடுத்தபின் மாறுவது எளிது. 2011 ஜனவரி முதல் நாடு முழுதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியெண் வரும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால், அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாற்றம் நடக்கும். குறியெண் கேட்ட நொடியிலிருந்து பழைய நிறுவனம், அதுவரை காட்டாத பாசத்தோடு தொலைபேசத் தொடங்கும். அந்த அழைப்புகள் மட்டும் அடுக்களையிலும் தெளிவாகக் கேட்பதாகச் சொல்வார்கள், ஆனால் இது நிறுவப்படவில்லை. பழைய பாக்கியைத் தீர்த்திருக்க வேண்டும். மாறிய பிறகு தொண்ணூறு நாட்களுக்கு மறுபடி மாற முடியாது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துவிட்டால், கான்கிரீட் காயும் வரை காத்திருந்து, கிணற்றடியிலிருந்து சோதனையை மறுபடி தொடங்க வேண்டும்.