இடது எது, வலது எது

பிரேக்கைப் பற்றி நான் வகுப்பெடுத்துக் கேட்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாஸ்கல் விதி வரும் நாளில் என் குரல் தானாகவே ஒரு படி ஏறிவிடும். அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். சின்ன பிஸ்டனை மிதித்தால் பெரிய பிஸ்டன் பெரிய விசையோடு தள்ளும். அதனால்தான் ஒற்றைக் காலை ஊன்றி 650 கிலோ காரை நிறுத்த முடிகிறது. இவ்வளவையும் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் படம் போடுவேன். பிள்ளைகளும் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள். அந்தப் படத்தில் துரு கிடையாது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம் அதுதான்.

என்னிடம் இருப்பது 2000ஆம் வருட மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2014 ஜனவரியோடு கம்பெனியே இந்த வண்டியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நான்தான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. குடியிருப்பது வில்லிவாக்கம். பக்கத்திலேயே பாடி. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. நாட்டுக்கே பிரேக் செய்து அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பிரேக் வேலை தெரியாது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

கோளாறு முதலில் மைலேஜில் தெரிந்தது. நான் எத்தனால் மேல் பழி போட்டேன். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலப்பதைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு வாரம் பேசினேன், தமிழாசிரியர்கூடத் தலையாட்டினார். பிறகு வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. சாலை ஓரச் சரிவு என்றேன். இறங்கியதும் ஒரு தீய்ந்த வாடை வந்தது. பக்கத்து வீட்டில் குழம்பு அடிபிடிக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அண்ணா நகர் போனாலும் அம்பத்தூர் போனாலும் அதே குழம்பு அடிபிடிக்கவே, இடது முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரலில் மறுநாள் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை.

பதினைந்து வருடம் தாண்டிய கார் என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியும் நெருங்கியிருந்தது. தெருமுனை மெக்கானிக் பாய், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "காலிப்பர் ஜாம் சார். ரெண்டு பக்கமும் சீல் கிட்டு மாத்திடலாம், வண்டிய உட்டுட்டுப் போங்க" என்றார். கேட்ட கூலியும் நியாயம்தான். நான் தன்மையாகச் சிரித்து, "இல்ல பாய், நானே பாத்துக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் அர்த்தம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஜி.பி. ரோட்டில் சீல் கிட் கேட்டபோது கடைக்காரர், "மெக்கானிக் யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். "அப்ப இன்னொரு செட் சேத்து எடுத்துக்குங்க" என்றார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்து ஒரு செட்டோடு வந்தேன்.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடிப்பது காலிப்பர். அதன் சீல் கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ஒரு ரப்பர் வளையம், தூசி போகாமல் மூடும் ஒரு பூட், காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் பின்களுக்கான சின்ன பூட்கள். இந்த வளையத்தை வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும், காரணத்தோடுதான். பெடலை மிதித்ததும் பிஸ்டன் முன்னால் நகர்கிறது. வளையம் அதைப் பிடித்தபடியே லேசாகச் சாய்கிறது. காலை எடுத்ததும் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. டிரம் பிரேக்கில் இருப்பது போல இழுப்பு ஸ்பிரிங் இதில் கிடையாது. அந்த ரப்பரின் நிமிர்வுதான் பேடுக்கு விடுதலை. வளையம் உட்காரும் பள்ளத்தில் துரு சேர்ந்தால் அது வளையத்தைப் பின்னாலிருந்து நெருக்கும். பிஸ்டன் போகும், திரும்பாது. பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எத்தனால் இதில் நிரபராதி.

இதையெல்லாம் நான் முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் இறங்கினேன். படித்ததற்கும் செய்ததற்கும் நடுவில் என்ன ஆயிற்று என்பதுதான் புரியவில்லை.

முதல் வேலையாக இரண்டு பக்கமும் ஹோஸைக் கழற்றி, இரண்டு காலிப்பரையும் எடுத்து ஒரே பிளாஸ்டிக் டப்பில் போட்டேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்கிற திருப்தியோடு கைகூடக் கழுவினேன். பிஸ்டன் வெளியே வர வேண்டுமே? விரலால் இழுத்தேன், கட்டிங் பிளேயரால் இழுத்தேன், சைக்கிள் பம்ப்பை வைத்து அடித்தேன். அசையவில்லை. கடைசியில் டப்பைத் தூக்கிக்கொண்டு பங்ச்சர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, மேலே சாக்கைப் போட்டு, காற்றைச் சன்னமாக விட்டான். 'டொப்' என்று அடக்கமாக வந்தது. அடுத்ததை நானே செய்கிறேன் என்றேன். கட்டை வைப்பது அனாவசியம் என்றும் எனக்குத் தோன்றியது. பிஸ்டன் பாய்ந்துபோய் டியூப் ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது; உள்ளே இருந்த கறுத்த பிரேக் ஆயில் என் சட்டையில் விழுந்தது. விரல் வழியில் இல்லாதது அதிர்ஷ்டம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. காசு மட்டும் வேண்டாம் என்றுவிட்டான், அதுதான் உறைத்தது.

பிறகு பாயிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "ஹோஸைக் கயட்றதுக்கு முன்னாடி பெடலை மிதிச்சிருந்தா அதுவே தானா தள்ளிக்கினு வந்திருக்குமே சார்?"

சின்ன பிஸ்டனை மிதித்தால் பெரிய பிஸ்டன் தள்ளும். எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

அடுத்தது சுத்தம் செய்வது. இங்கேதான் என் உழைப்பின் உச்சம். காலிப்பரின் உள் சுவரை வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். நானூறு, அறுநூறு, ஆயிரம் என்று தாள் மாற்றி மாற்றி, உள்ளே முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்திரம்கூட இப்படித் தேய்ச்சதில்லையே நீங்க" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வகைக் காலிப்பரில் சீல் உட்கார்ந்திருப்பது சுவரில். அது உரசுவது பிஸ்டனை. ஆயில் கசியாமல் நிற்பது பிஸ்டனின் வழவழப்பினால். சுவர் பளபளத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சுத்தம் செய்ய வேண்டியது சீல் உட்காரும் பள்ளம். குனிந்து, வளைந்த ஊசியால் துருவை நோண்டி எடுக்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கவனிக்க வேண்டியது பிஸ்டன். நான் பள்ளத்தைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றியதோடு சரி. இடது பிஸ்டனில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. புதிது வாங்கியிருக்க வேண்டும். நானோ அதற்கும் ஒரு தேய் தேய்த்து, மேல் பூச்சையும் போக்கி, உள்ளே தள்ளினேன்.

பின்களுக்குக் கிரீஸ் போட வேண்டும். வீட்டில் வீல் பேரிங் கிரீஸ் ஒரு டப்பா இருந்தது. கிரீஸில் என்ன ஜாதி என்று தாராளமாக அப்பினேன். பிரேக்கில் வரும் ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸோ, ரப்பருக்கென்றே விற்கும் கிரீஸோதான் போட வேண்டும். ஆயிலிலும் சிக்கனம் பார்த்தேன். பரண் மேல் டாட் 3 பாட்டில் பாதி இருந்தது, என்றைக்கோ திறந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது டாட் 3க்கான தரம். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே போதும் என்கிறது அதே தரம். சென்னைப் பரணில் அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்று கணக்குப் போட நான் விரும்பவில்லை. ஏற்காடு இறக்கத்தில் பிரேக் சூடேறி, ஆயில் ஆவியானால் பெடல் சும்மா தரைக்குப் போகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது என்பதும் நான் நடத்துகிற பாடம்தான்.

ஊற்றும்போது வலது ஃபெண்டரில் கொஞ்சம் சிந்தியது. உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் போயிருக்கும். நான் துணியால் அழுந்தத் துடைத்துப் பரப்பிவிட்டேன். அந்த இடத்தில் பெயின்ட் இன்றைக்கு இலங்கை வடிவத்தில் இல்லை.

மாட்டும்போது இரண்டு ஹோஸும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றன. பழைய ஹோஸ், கழற்றியதில் விறைத்திருக்கும், ஓடினால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள், ஹோஸுக்குத்தான்.

இனி ஏர் எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றுவது. இரண்டு பேர் வேலை என்பதால் மனைவியை உட்கார வைத்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியவள், பட்டுப்புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் மிதின்னா மிதி. பிடின்னா அப்படியே பிடி. விடுன்னா மட்டும் விடு" என்றேன். எளிமையான ஏற்பாடு. ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஸ்பேனரைத் திருப்பும்போது எனக்கு "ம்ம்" என்று ஒரு முனகல் வரும் என்பது எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது. அந்த "ம்ம்" அவளுக்கு "விடு" என்று கேட்டது. திறந்திருந்த நிப்பிள் வழியாகப் போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே வந்தது.

"விடச் சொன்னேனா?"

"ம்ம்னு சொன்னீங்களே."

"அது வலியில சொன்னது."

"வலின்னா வலின்னு சொல்லணும்."

காத்திருந்த நேரத்தில், டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் என்பவர் 1902லேயே காப்புரிமை வாங்கியதையும், 1953இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்ததையும் அவளுக்குச் சொன்னேன். "அவங்க வீட்ல பொம்பளைங்க மிதிச்சாங்களா?" என்றாள். அந்தப் பேச்சில் மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து.

ஒருவழியாக நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழே வரவில்லை. சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. வெற்றி என்று எழுந்து பெடலை மிதித்தேன். மெத்தென்று தரை வரை போயிற்று. திரும்ப எடுத்தோம், குமிழ் இல்லை, பெடல் தரைக்குப் போயிற்று. காற்று இல்லாமல் பெடல் எப்படி இறங்கும்? பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரே போய்விட்டது என்று தீர்ப்பெழுதினேன். மனைவி ஆட்டோவில் கல்யாணத்துக்குப் போனாள். நான் போகவில்லை, கை கறுப்பு என்று காரணம் சொன்னேன்.

வண்டி நகர முடியாது என்பதால், பாய்தான் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. மாஸ்டர் சிலிண்டர் பற்றிய என் ஆய்வை அவர் பாதிவரை கேட்டார். பிறகு குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, நிப்பிளு கீய பாத்துக்கினு கீது?"

"கீழேதானே இருக்கணும்?"

"லெப்ட்ட ரைட்ல மாட்டிகினு கீறீங்க சார். காத்து மேல உக்காந்துக்கினு கீது. நீங்க கீய தொறந்தா ஆயிலுதான் வரும். வருஷம் பூரா மிதிச்சாலும் காத்து வராது."

காற்று மேலே போகும். மிதத்தல், ஆர்க்கிமிடீஸ் தத்துவம். பாஸ்கல் விதி இருக்கும் அதே பாடத்தில் இருக்கிறது. ஒரே டப்பில் போட்ட இரண்டு காலிப்பரில் எது எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவார்களாம். கழற்றாத பக்கம் பார்த்து மாட்டுவதற்கு இருக்குமாம். ஹோஸ் முறுக்கிக்கொண்டதும் அதைச் சொல்லத்தான்.

பாய் இரண்டையும் கழற்றினார். என் கண்ணாடிச் சுவரை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. பின் பூட்டை மட்டும் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இன்னா கிரீஸ் போட்டீங்க? இட்லி கணக்கா ஊதிக்கினு கீது." இடது பிஸ்டனை விரலால் தடவிவிட்டு ஒன்றும் பேசாமல் ஓரமாக வைத்தார். புது பிஸ்டன், புது ஆயில், இன்னொரு செட் சீல் கிட். ஜி.பி. ரோட்டுக்கு மறுபடியும் நானேதான் போனேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, எடுத்துத் தயாராக வைத்திருந்த மாதிரிதான் இருந்தது.

எல்லாம் மாட்டி, ஏர் எடுத்து, பெடல் கல்லாக நின்றது. கை கழுவப் போன பாய் நின்று கேட்டார்: "பேடு ஆடாம இருக்க ஒரு தகடு கிளிப்பு வருமே சார், ரைட் சைடுல காணோம்?"

"கம்பெனியே வைக்கல போல" என்றேன்.

அது என் மேஜை டிராயரில், மிச்சமான சாமான்கள் என்று நான் எடுத்து வைத்திருந்த டப்பாவில் இருந்தது. மறுநாள் அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், "புதுப்பேட்டையில கிடைச்சுது பாய்" என்று கொடுத்தேன். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டைதானே.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோ குட்த்தீங்க?"

"அம்பது ரூபா."

"ஏமாந்துட்டீங்க சார்" என்றார்.