அடுக்குமாடி வளாகத்துப் பாறையியல்

பாறைகள் எவற்றால் ஆனவை, எவ்வாறு உருவாயின என்பவற்றை ஆராயும் துறை பாறையியல் எனப்படும். அதைக் கற்க விரும்புவோர் மலைக்கும் சுரங்கத்துக்கும் ஆற்றுப்படுகைக்கும் அலைய வேண்டும் என்று பாடநூல்கள் வற்புறுத்துகின்றன. சென்னைவாசிக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. வேளச்சேரியில் ஏதேனும் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் வாசலில், அரளிச்செடிக்கும் பெயர்ப்பலகைக்கும் நடுவே கொட்டப்பட்டிருக்கும் அலங்காரக் கற்களின்முன் குந்தி உட்கார்ந்தால் போதும். ராஜஸ்தானத்துச் சலவைக்கல் சில்லும், ஏதோ ஓர் ஆற்றில் உருண்ட கூழாங்கல்லும், நீலச்சாயம் ஏற்றியதால் சாதி அடையாளம் முற்றிலும் ஒழிந்துபோன வேறொரு கல்லும் ஒரே சதுர அடியில் கிடைக்கும். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவர இயற்கை கண்டங்களையே நகர்த்த வேண்டியிருந்திருக்கும். ஒப்பந்தக்காரர் அதை ஒரே லாரியில் முடித்துவிட்டார்.

பிறந்த பாறையைவிட்டுப் பிரிந்துவந்த கல்லைப் புலமையாளர் பொதுவாக மதிப்பதில்லை. ஊர்பேர் தெரியாத கல்லிடமிருந்து வரலாற்றைக் கறக்க முடியாது என்பது அவர்கள் வாதம், அது நியாயமானதும்கூட. ஆனால் பல்லாவரத்துக் கற்களின் புகழ் அந்த நியாயத்தை மதிக்காமலே வளர்ந்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று அங்கே சரளைக்காகத் தோண்டியிருந்த ஒரு குழியில், குவார்ட்சைட் என்னும் இறுகிப்போன மணற்பாறையில் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தச் சரளைக்குழியிலிருந்துதான் தொடங்குகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1893இல், அதே துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைமேல் கிடந்த பலகைக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக்கல் பல்லாவரத்திலிருந்து போனது. பாறைக்குச் சார்னோக்கைட் என்று அவர் பெயரிட்டதால், அதன் அடியில் படுத்திருந்ததைத் தவிர நிலவியலுக்கு வேறெந்தத் தொண்டும் செய்திராத ஒரு வணிகரின் பெயர், அன்டார்க்டிகாவரை உள்ள அத்தகைய பாறைகளுக்கெல்லாம் வாய்த்தது.

ஆகவே சென்னையில் கல் நோக்குபவர் முதலில் தேட வேண்டியது சார்னோக்கைட்டைத்தான். பரங்கிமலையில் அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. நகரின் மற்ற இடங்களில் ஜல்லியாகவும், வாகனம் ஏறாமலிருக்கப் புல்தரையின் ஓரத்தில் போட்ட குண்டுக்கல்லாகவும் பாதுகாப்பின்றிக் கிடக்கிறது. வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் பழுப்பாக, சுவாரசியமற்று இருக்கும். உடைந்த முகத்தைத் திருப்பினால் நல்லெண்ணெய் தடவித் துடைத்ததுபோல் பசுமை கலந்த கருமை மினுங்கும், அதில் ஆங்காங்கே நீலம் பாய்ந்த குவார்ட்ஸ் மணிகள் தெரியும். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவான இப்பாறைக்குப் பல்லாவரத்தில் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதன்மேல் ‘இங்கே பார்க்கிங் கூடாது’ என்று வெள்ளைப் பெயின்டில் எழுதுவது வழக்கம்.

வெள்ளைக் கற்களில்தான் ஏமாற்றம் மிகுதி. சலவைக்கல்லும் வெண்குவார்ட்சும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 1812இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில், சலவைக்கல்லின் கால்சைட்டுக்கு 3ஆம் இடமும் குவார்ட்சுக்கு 7ஆம் இடமும் உண்டு. பேனாக்கத்தியால் கீறினால் சலவைக்கல்லில் பள்ளம் விழுந்து வெண்தூள் உதிரும். குவார்ட்சில் பள்ளம் விழாது, கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்மேல் சாம்பல் நிறக் கோடாகப் படியும். காலை ஏழு மணிக்குக் கையில் கத்தியோடு பிறர் வாசலில் குந்தியிருப்பதன் சமூகப் பொருள் பற்றி மோஸ் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

வளாகத்துக்குள் அனுமதி கிடைத்தால் லிஃப்ட் வாசலையும் பார்த்துவிட வேண்டும். கருப்பு கிரானைட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் டாலரைட் முதலான வேறு எரிமக்குழம்புப் பாறைகளே. கடைக்காரரிடம் இதை விளக்குவதால் விலை குறையாது. காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் வரும் வெண்பலகையோ காஷ்மீரைக் கண்டதேயில்லை, தமிழ்நாட்டில் வெட்டப்படுவது. அதில் சிதறிக் கிடக்கும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்னும் கனிமம். நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகமும் அக்குடும்பத்துப் பங்காளியே. ராகு தோஷத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவிட்டு ஒரு கோமேதகத்தை விரலில் அணிந்தவர், அதன் சொந்தபந்தங்களை நாள்தோறும் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்கிறார்.

களப்பணியில் வாட்ச்மேன் தவிர்க்க முடியாதவர். “என்ன சார் தொலைஞ்சுபோச்சு?” என்ற அவருடைய கேள்விக்குச் சார்னோக்கைட் என்று உண்மை பேசினால், விவகாரம் அசோசியேஷன் செயலாளர்வரை போகும். சாவி என்பதே ஏற்கத்தக்க விடை. ஆனால் அவ்விடை கேட்டதும் வாட்ச்மேனும் தோட்டக்காரரும், நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற பெரியவர் இருவரும் சேர்ந்து கற்களைப் புரட்டத் தொடங்குவார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வாளருக்கு ஒரே நேரத்தில் இத்தனை உதவியாளரைக் கொடுத்ததில்லை.

கேட்டு வாங்கிய கல்லுக்குச் சீட்டு எழுதும்போது, கிடைத்த இடத்தோடு அங்குள்ள அடுக்குகளின் வரிசையையும் குறிப்பது துறையின் மரபு. மேலே அலங்காரக் கல். நடுவே களை முளைக்காமலிருக்க விரித்த கறுப்பு பிளாஸ்டிக். கீழே உடைந்த செங்கலும் சிமென்ட் கட்டியுமாகக் கட்டடக் கழிவு. படிவின் வயதைக் கணிப்பதில்தான் இரு கொள்கைகள் உள்ளன: வீடு வாங்கியோர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஒப்படைப்புத் தேதியையும், கட்டியவர் உண்மையில் சாவி கொடுத்த தேதியையும் சான்றாகக் காட்டுகின்றனர், இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் நுகர்வோர் ஆணையத்தின் விசாரணையில் உள்ளது.