ஸ்பெக் அண்ணாச்சி

லேப்டாப் ஒன்றைக் கையில் கொடுத்தால் திறந்து பார்ப்பவர் சாதாரண மனிதர். கவிழ்த்துப் பார்ப்பவர் ஸ்பெக் அண்ணாச்சி. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லும் தரகர் மாதிரி, அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளை விரலால் தடவுவார். மூலைத் திருகாணிகளை நோட்டம் விடுவார். காதருகே கொண்டுபோய் விசிறிச் சத்தம் கேட்பார். அதன் பிறகுதான் "எவ்வளவு போட்டீக?" என்பார். நாம் எந்தத் தொகையைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "ப்ச்". அந்த "ப்ச்"சுக்குப் பிறகு அந்த லேப்டாப்பை நம்மால் பழைய பிரியத்தோடு பார்க்க முடியாது.

இவர் ஒற்றை ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். திருத்தங்கலில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். 2021இல் திருத்தங்கலையும் சிவகாசியையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள்; ஸ்பெக் அண்ணாச்சிகளின் எண்ணிக்கையும் அன்றே மாநகராட்சித் தகுதியை எட்டிவிட்டது. காரணம் இருக்கிறது. தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று ஊரே டிசைனில் சோறு சாப்பிடுகிறது. அந்தச் சோற்றை வடிக்கிற பானை கம்ப்யூட்டர். பானையைப் பற்றி ஊர் பேசாமல் இருக்குமா?

ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த மண்ணில் புதிதல்ல. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயிலின் தலபுராணமே ஒரு கம்பாரிசனில்தான் தொடங்குகிறது. ஸ்ரீதேவி, பூதேவி, நீளாதேவி மூவரில் யார் உயர்ந்தவர் என்று சர்ச்சை கிளம்ப, ஸ்ரீதேவி இங்கே வந்து தவம் இருந்தாராம். திருமகள் தங்கியதால் திருத்தங்கல். தெய்வங்களே அப்படி என்றால், டெல்லா ஆப்பிளா என்று ஒரு டீக்கடை பெஞ்சு இரண்டு மணி நேரம் சூடாவதில் என்ன தவறு?

அண்ணாச்சிக்குச் சொந்தத் தம்பியின் கல்யாண வருஷம் மறந்துபோகும். லேப்டாப் வருஷங்கள் மறக்காது. "2008 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் ஆபீஸ் கவருக்குள்ள இருந்து மேக்புக் ஏரை உருவினாரு பாருங்க, அன்னைக்குப் பிடிச்சது சனி" என்று ஆரம்பிப்பார். "கவருக்குள்ள போறது கல்யாணப் பத்திரிகை. கம்ப்யூட்டர் எதுக்கு அதுக்குள்ள போகணும்?" அன்றிலிருந்து உலகத்து லேப்டாப் கம்பெனிகள் எல்லாம் பத்தியச் சோறு சாப்பிட்டு இளைத்த வரலாற்றை மூச்சு விடாமல் சொல்வார். 2015இல் ஆப்பிள் 12 அங்குல மேக்புக்கில் சார்ஜ் போடவும், பென்டிரைவ் சொருகவும், வெளித்திரை மாட்டவும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டை வைத்தது. "ஒண்டுக் குடித்தனத்துல பொதுக் கக்கூஸ் மாதிரி" என்பது அண்ணாச்சியின் விமரிசனம். அதே லேப்டாப்பில் மெல்லிசுக்காகப் பட்டாம்பூச்சி விசைப்பலகை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். துளித் தூசி புகுந்தாலும் எழுத்து விழாது, அல்லது இரண்டு தடவை விழும். "காகிதம் வெட்டுற ஊர்ல அதை வெச்சு 'வாழ்த்துகள்'னு அடிச்சா எத்தனை 'க்' விழும்னு யோசிங்க. சந்திப் பிழைக்கு ஆப்பிள் ஜவாப்தாரியா?"

ஆப்பிளை மட்டும் திட்டினால் நடுநிலை தவறிவிடும் என்று அடுத்த வாயிலேயே டெல்லுக்கு வருவார். 2015இல் எக்ஸ்பிஎஸ் 13இன் திரையைச் சுற்றி இருந்த விளிம்பை வழித்து எடுத்தார்கள். பார்க்க அழகு. ஆனால் மேலே கேமராவுக்கு இடமில்லாமல் அதைத் திரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். "வீடியோ காலில் பார்ட்டிக்கு நம்ம முகம் தெரியாது. மூக்குத் துவாரம்தான் தெரியும். அதுல பார்த்து அவன் எப்படி ஆர்டர் கொடுப்பான்?" 2019இல்தான் கேமரா மறுபடி மேலே ஏறியது. அந்த நாளை அண்ணாச்சி ஏதோ தன் வழக்கு ஜெயித்த நாள் போலச் சொல்வார்.

அவருடைய எதிர்க்கட்சி கேமிங் தம்பி. முதுகில் மூட்டை சுமந்துகொண்டு பெஞ்சுக்கு வருவான்.

"வெயிட் எவ்வளவுடா தம்பி?"

"ரெண்டே முக்கால் கிலோ, அண்ணாச்சி."

"சார்ஜரோட சேர்த்தா?"

"சார்ஜர் தனி."

"அப்ப செங்கல்லும் கையுமாத்தான் திரியணும்."

"பெர்ஃபார்மன்ஸ் வேணும்னா வெயிட்டைத் தாங்கித்தான் ஆகணும் அண்ணாச்சி. உங்க மெல்லிசு லேப்டாப்ல பெரிய பைலைத் திறந்தா பத்து நிமிஷத்துல படுத்துக்கும்."

"உன்னோடதை ஆன் பண்ணினா பக்கத்து வீட்டுக்காரன் கிரைண்டரை நிறுத்துன்னு சத்தம் போடுவான். பட்டாசுக்கே நாலு மீட்டர் தூரத்துல 125 டெசிபல்தான்னு சட்டம் இருக்கு. உன் பேனுக்கு என்னடா லிமிட்டு?"

இந்த இடத்தில் டீ மாஸ்டர் இரண்டாவது டீயைக் கேட்காமலே வைத்துவிடுவார். விவாதம் நீண்டால் வியாபாரம் நீளும் என்பது அவருடைய பெர்ஃபார்மன்ஸ் கணக்கு.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். சூட்டைப் பற்றிப் பேசும்போது அண்ணாச்சி வேறு மனிதர். 2018இல் மேக்புக் ப்ரோவின் மெல்லிய உடம்புக்குள் ஆறு கோர் ஐ9 சிப்பை வைத்தார்கள். வேலை கூடியதும் சூடேறி, சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஊர் முழுக்க ஏச்சு விழுந்து, சில நாளில் மென்பொருள் திருத்தம் வந்தது. இதை ஆங்கிலக் கலைச்சொல் எதுவும் இல்லாமல் அண்ணாச்சி விளக்குவார்: "பட்டாசு ஆலையில மருந்து கலக்குற வேலையைக் காலையிலயே முடிச்சிருவாக. வெயில் ஏறினா கை வைக்க மாட்டாக. சிப்பும் அதைத்தான் செய்யுது. அது சோம்பேறி இல்ல, விவரமானது. அதை மெல்லிசு டப்பாவுல அடைச்சவன்தான் விவரம் கெட்டவன்."

அதோடு விடமாட்டார். "ஒரு லேப்டாப்ல நாலு கேக்குறான். ஒல்லியா இருக்கணும், சூடாகக் கூடாது, பேட்டரி நிக்கணும், வேகமா ஓடணும். இது எப்படி இருக்கு தெரியுமா? பத்தாயிரம் வாலா வேணும், புகை வரக் கூடாது, புள்ளை பயப்படக் கூடாது, விலை பிஜிலி வெடி விலைதான் தருவேன்னு கேக்குற மாதிரி." ஊர் தலையாட்டும். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசுதான் என்று ஆன ஊர் இது. பச்சை வெளிச்சம் தருவது பேரிய உப்பு, அதற்கும் தடை. ஆக, பட்டாசு பசுமையானதும் பச்சை நிறத்தின் பாடு திண்டாட்டம் ஆயிற்று. ஒன்றைக் கொடுக்காமல் ஒன்றை வாங்க முடியாது என்பதை இந்த ஊருக்கு எந்தக் கம்பெனியும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இத்தனை ஞானமும் ஊருக்கு எப்படிப் பயன்படுகிறது? எனக்குத் தெரிந்த லேபிள் அச்சகக்காரர் ஒருவர், மகளைக் கல்லூரியில் சேர்த்த கையோடு அண்ணாச்சியிடம் யோசனை கேட்டார். கேட்டது ஆனி மாதம். "ஆடித் தள்ளுபடி வரட்டும்" என்றார் அண்ணாச்சி. ஆடி வந்ததும், "செப்டம்பர்ல புது சிப் வருதாம். இப்ப வாங்கினா பழைய சோறு" என்றார். புது சிப் வந்ததும், "முதல் பேட்ச்ல கை வைக்கக் கூடாது. மத்தவன் அடி வாங்கட்டும்" என்றார். தீபாவளிக்குத் தள்ளுபடி வந்தது. "8 ஜிபி பத்தாது. ரேமை போர்டுலயே பத்த வெச்சுருக்கான், பின்னால ஏத்தவும் முடியாது. அதிகம் போட்டு வாங்கணும்னா விலை எகிறுது." மேக்புக் ஏரில் அடிப்படை அளவை 16 ஜிபி ஆக்குவதற்கு ஆப்பிளுக்கு 2024 அக்டோபர் வரை ஆயிற்று, அந்தச் செய்தியை அண்ணாச்சி பெஞ்சில் அறிவித்தபோது அச்சகக்காரர் மெதுவாகச் சொன்னார்: "சந்தோசம் அண்ணாச்சி. எம் புள்ள போன சித்திரையிலயே படிப்பை முடிச்சிருச்சு."

அண்ணாச்சியிடம் இருக்கும் லேப்டாப் எது என்று கேட்கிறீர்களா? வயது பன்னிரண்டு. பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. வயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும் என்பதால் ஐசியு நோயாளி போல எப்போதும் சுவரோடு இணைந்தே கிடக்கும். அவருடைய காகிதக் கடையின் டேலிக் கணக்கு அதில்தான் ஓடுகிறது. ஆப்பிளின் எம்1 சிப் 2020இல் வந்தபோது மூன்று மாதம் அதன் புகழைப் பாடினார். வாங்கியே விடுவார் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள். கடைசி நேரத்தில், டேலி விண்டோஸில்தானே ஓடும் என்று நினைவு வந்தது. தவிர, பழைய தமிழ் எழுத்துருக்களில் இருபது வருஷமாகச் சேர்த்த பைல்கள் எல்லாம் அங்கே என்ன கோலத்தில் திறக்குமோ என்ற பயமும் வந்தது. "பெண்ணு அழகு. ஆனா நம்ம வீட்டுச் சமையல் தெரியாது" என்று அந்தச் சம்பந்தத்தை முறித்தார்.

இவரிடம் "ப்ச்" வாங்காத லேப்டாப் என் அறிவில் ஒன்றே ஒன்று. என் கடையில் டிசைன் போடும் பெண்ணுடையது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. ஒரு பக்கத்துக் கீல் உடைந்து, பைண்டிங் டேப் ஒட்டியிருக்கும். டேப் பற்றியதும் பற்றாததுமாகத் திறந்து, கோரலில் அவள் போட்ட லேபிள்கள் பல கடைகளில் அடுக்கி நிற்கின்றன. அண்ணாச்சி அதைக் கவிழ்த்துப் பார்த்தார். துளைகளைத் தடவினார். நாங்கள் "ப்ச்"சுக்குக் காத்திருந்தோம். மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு, "பத்திரமா வெச்சுக்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

போன ஆனி மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் புதுவருஷக் காலண்டர் ஆல்பத்தை ஆடி பதினெட்டில் வெளியிடுவது வழக்கம். அதனால் சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் டிசைன்காரனுக்குத் தூக்கம் கிடையாது. பிளேட்டுக்குப் பைல் அனுப்ப வேண்டிய ராத்திரி, முருகன் படத்துக்கு மயில் வைத்துக்கொண்டிருந்தபோது என் லேப்டாப் விசிறி ஓலமிட்டது. மயில் தோகை விரிக்கப் பத்து நிமிஷம் எடுத்தது. பிறகு திரையே அணைந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். லுங்கியோடு வந்தார். சட்டைப் பையில் திருப்புளி செட்டும் பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்றும் இருந்தன.

அடிமூடியைக் கழற்றினால் உள்ளே பால்பவுடர் கொட்டியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அச்சான தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும்போது மை ஒட்டாமல் இருக்க ஆப்செட் மெஷினில் ஸ்டார்ச் மாவைத் தூவுவார்கள். அந்தப் பவுடரை என் லேப்டாப் விசிறி நான்கு வருஷமாக உறிஞ்சிக் குடித்திருக்கிறது. பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "பேனே இல்லாத லேப்டாப்தான் பிரஸ்ஸுக்குச் சரின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே. இப்ப வர்ற மேக்புக் ஏர்ல பேன் கிடையாது. பவுடரை உள்ள இழுக்க ஆளே இல்ல."

முதல் தடவையாக அவர் சொன்னது சரி என்று பட்டது. "அப்ப அதையே வாங்கிரவா அண்ணாச்சி?"

கை நின்றது. "ஆனா அதுல ஒண்ணு இருக்கு. பத்து டிகிரியில இருந்து முப்பத்தஞ்சு டிகிரி வரைக்கும்தான் அதைப் பயன்படுத்தணும்னு கம்பெனிக்காரனே போட்டுருக்கான். நம்ம ஊர் சித்திரையில மத்தியானம் அதைத் திறந்தாலே விதிமீறல்."

ஒரு மணி நேரத்தில் மூடியைப் பூட்டினார். லேப்டாப் சத்தமில்லாமல் எழுந்தது. மயில் தோகையை விரித்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "புதுசு எதுவும் வேணாம். இதுவே இன்னும் நாலு வருஷம் ஓடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரஷ் போடுங்க" என்று, அந்தப் பழைய பிரஷ்ஷை என் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார். லட்ச ரூபாய் லேப்டாப்புகளைப் பற்றி இத்தனை வருஷம் பேசியவர் கடைசியாக எனக்குச் சிபாரிசு செய்த பொருள் அது ஒன்றுதான்.

ஆகவே வாசகர்களே, திருத்தங்கல் பக்கம் வந்து லேப்டாப் வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். வாங்குவதற்கு முன் ஸ்பெக் அண்ணாச்சியைப் பார்த்தால் வாங்கமாட்டீர்கள். வாங்கிய பின் பார்த்தால் தூங்கமாட்டீர்கள். கெட்டுப்போன ராத்திரியில் கூப்பிடுங்கள். லுங்கியோடு வருவார்.