மிக்ஸிக்கு மறுபிறவி உண்டா?

கேள்வி: பழுதான மிக்ஸியைக் கொடுத்தால், ‘புதுசு வாங்கிடுங்க’ என்கிறார்கள். பொருள்களை வீணாக்காத நகரத்தை அரசுதானே உருவாக்க வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: சட்டம் வரும்வரை சட்னி காத்திருக்குமா? 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் பத்திரிகையாளர் மார்ட்டினே போஸ்ட்மா ‘ரிப்பேர் கஃபே’யைத் தொடங்கினார். பழுதான பொருளோடு வருபவரும், பழுதுபார்க்கத் தெரிந்த தன்னார்வலரும் ஒரே மேஜையில் அமர்ந்து, கட்டணமின்றிச் சரிசெய்கிறார்கள். பொருள் பிழைக்கிறது, பழுதுபார்க்கும் திறன் கைமாறுகிறது, அக்கம்பக்கத்தார் அறிமுகமாகிறார்கள். 2015-ல் இந்த முயற்சி பெங்களூருக்கும் வந்தது. குப்பையை மறுசுழற்சி செய்வது நல்லது; குப்பை ஆகவே விடாமல் இருப்பது அதைவிட நல்லது. உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். தெருமுனை எலக்ட்ரீஷியனையும் தையல்காரரையும் உரிய கூலி தந்து அழையுங்கள். முதல் டோக்கன் உங்கள் மிக்ஸிக்கு!